சோர்ன் போட்ட கார் வாங்கப் போகிறீர்களா?

பழைய கார் விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "சோர்ன் போட்டிருக்கிறது, எம்.ஓ.டி முடிந்துவிட்டது, ஆனால் சுகமாகப் பாஸாகும்." (எம்.ஓ.டி என்பது வாகனத்தின் வருடாந்தத் தகுதிச் சோதனை.) அதே வயது, அதே மொடல் கார் ஓட்டத்தில் இருந்தால் என்ன விலை கேட்பார்களோ அதைவிட இதற்கு நல்லாகக் குறைத்துக் கேட்டிருப்பார்கள். பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்து, பராமரிப்பு வேலைக்கு வீடு வீடாகப் போக வேண்டிய ஒருவருக்கு அந்த விலை பெரிய ஆறுதல். கார் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் விசா என்று இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இப்படியான காரைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். கார் நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு பார்க்கலாம். அது நிற்கிற முற்றத்திலிருந்து எப்படி வெளியே வரப்போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஆக்கள் மாட்டுப்படுவது அந்த முதல் பயணத்தில்தான்.

சோர்ன் என்றால் என்ன என்று தெரியாமலே அந்தக் காரை வாங்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வாகனத்துக்கு வீதி வரி கட்டப்போவதில்லை, அதைப் பொது வீதியில் வைத்திருக்கவும் போவதில்லை என்று ஸ்வான்சீயில் இருக்கும் டி.வி.எல்.ஏ-க்கு அதன் பதிவுக்காரர் கொடுக்கும் அறிவித்தல்தான் அது. 1998இல் வந்த முறை. அதற்கு முன் வரி கட்டாமல் பிடிபட்டவர் "கார் வீட்டில்தான் நிற்கிறது" என்று சொல்லித் தப்பப் பார்க்கலாம். இப்போது அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் 80 பவுண் தண்டம் தபாலில் வரும். ஆரம்பத்தில் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2013 டிசம்பரிலிருந்து ஒருமுறை சொன்னால் போதும், வரி கட்டும் வரைக்கும் அல்லது கார் கைமாறும் வரைக்கும் அது செல்லும். ஆகவே நீங்கள் பார்க்கப் போகிற கார் மூன்று மாதமாக நிற்பதாகவும் இருக்கலாம், ஆறு வருடமாக நிற்பதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

இன்னொன்று. சோர்ன் போட்ட கார் தனியார் நிலத்தில் நிற்க வேண்டும். வீட்டு முற்றம், கராஜ், தனிக் காணி. வீட்டு வாசலுக்கு முன்னால் கவுன்சில் பெர்மிட் வாங்கி நிறுத்தும் இடம் உங்களுடையது போலத் தோன்றினாலும் அது பொது வீதிதான். அங்கே நிறுத்த முடியாது. டி.வி.எல்.ஏ-க்காகச் சுற்றி வருகிறவர்கள் வரி இல்லாத காரை அங்கேயே பூட்டுப் போட்டு மறிப்பார்கள். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் 100 பவுண். அதற்குப் பிறகு வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு எடுப்பதென்றால் அதைவிடக் கூட.

ஏன் சோர்ன் போட்டார்கள் என்பதைத்தான் நான் விற்பவரிடம் முதலாவதாகக் கேட்பேன். பதிலைச் சொல்லும் விதத்திலேயே பாதி விளங்கிவிடும். வயதானவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார், அல்லது தவறிவிட்டார், பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால் நான் ஆர்வமாகப் போய்ப் பார்ப்பேன். வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனவர், லைசென்ஸ் பறிபோனவர், இரண்டாவது காருக்கு ஏன் செலவு என்று நிறுத்தியவர், இவர்களின் காரும் பெரும்பாலும் பிழையில்லை. "கடைசி எம்.ஓ.டியில் கொஞ்சம் வேலை சொன்னார்கள், நேரம் கிடைக்கவில்லை" என்று இழுத்தால் அந்தக் கொஞ்ச வேலை என்ன என்று எழுத்தில் பார்க்காமல் நகரக்கூடாது. லண்டனில் இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஓகஸ்ட் 29இலிருந்து யூலெஸ் என்ற குறைபுகை வலயம் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் விரிந்தது. 2015 செப்டெம்பருக்கு முந்திய டீசல் கார்களில் பெரும்பாலானவை அந்தத் தரத்துக்கு வராது; ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் கட்ட வேண்டும். இஞ்சின் நன்றாக இருந்தும் முற்றத்தில் நிற்கிற டீசல் கார்களின் கதை இதுதான். லண்டனுக்கு வெளியே, வலயத்துக்குள் வரத் தேவையில்லாத ஒருவருக்கு அது நல்ல கொள்முதல். வெம்பிளியில் இருந்துகொண்டு ஈஸ்ட்ஹாமில் வேலைக்குப் போகிறவருக்கு அதே கார் மாதச் சம்பளத்தைத் தின்னும். பெற்றோல் என்றால் 2006க்குப் பிறகு பதிவான கார் பொதுவாகப் பிரச்சினையில்லை. எதற்கும் லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் இலக்கத்தைத் தட்டிப் பாருங்கள், உடனே சொல்லும்.

வீட்டிலிருந்தே செலவில்லாமல் பார்க்கக்கூடியது இன்னும் நிறைய இருக்கிறது. இவ்வளவு தகவலை அரசாங்கமே இலவசமாகத் தருவதை எங்கள் ஆக்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. பதிவு இலக்கத்தைக் கொடுத்தால் எம்.ஓ.டி வரலாறு முழுவதும் வரும்: எந்த வருடம் பாஸ், எந்த வருடம் பெயில், என்ன காரணம், அன்றைக்கு எத்தனை மைல் ஓடியிருந்தது, அடுத்த வருடத்துக்குள் கவனிக்கச் சொன்னது என்ன. கடைசிச் சோதனையில் இருந்த மைலையும் இப்போது மீற்றரில் இருக்கும் மைலையும் ஒப்பிடுங்கள். மூன்று வருடமாக அசையவில்லை என்று சொன்ன காரில் ஆயிரக்கணக்கில் மைல் ஏறியிருந்தால் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். குறைந்திருந்தால் அந்த முற்றத்தில் நிற்க வேண்டிய தேவையே இல்லை.

டி.வி.எல்.ஏ-யின் வாகன விசாரணைப் பக்கத்தில் வரியும் எம்.ஓ.டியும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதோடு கடைசியாக லொக் புக் (வாகனப் பதிவுப் பத்திரம்) எந்தத் திகதியில் வழங்கப்பட்டது என்பதும் வரும். நான் மிகவும் மதிக்கிற தகவல் அது. "பத்து வருடமாக அம்மா வைத்திருந்த கார்" என்று சொல்கிறவரின் லொக் புக் போன மாதம் வழங்கப்பட்டிருந்தால், பெயர் மாறியதற்கு அவர் நம்பும்படியான காரணம் சொல்ல வேண்டும். சில வேளைகளில் அவர் வியாபாரியாக இருப்பார், தனியாள் போல நடிப்பார். ஏனென்றால் வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி குறையுள்ள காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்கலாம். தனியாளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

காரில் கடன் பாக்கி இருக்கிறதா, திருடப்பட்டதா, விபத்தில் இன்சூரன்ஸ் கொம்பனி கைவிட்டதா என்பதை அறிய மட்டும் சிறு கட்டணம் கட்டித் தனியார் அறிக்கை எடுக்க வேண்டும். கைவிட்ட கார்களை 2017 ஒக்டோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என்று பிரிக்கிறார்கள். ஏயும் பியும் திரும்ப வீதிக்கே வரக்கூடாதவை. எஸ் என்றால் உடற்சட்டகத்தில் அடி, என் என்றால் சட்டகத்தில் அடியில்லை. வருடக்கணக்கில் நின்ற காருக்கு இந்த அறிக்கையைத் தவிர்க்கவே கூடாது. விபத்துக்குப் பிறகு பாதி திருத்தி மூலையில் விட்ட கார்களும் சோர்ன் பட்டியலில்தான் இருக்கின்றன.

இனி அந்த முதல் பயணம்.

சோர்ன் காரோடு கைமாறாது. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். விற்பவர் விற்றுவிட்டேன் என்று டி.வி.எல்.ஏ-க்கு அறிவித்ததும் அவர் போட்ட சோர்ன் முடிந்துவிடும். 2014 ஒக்டோபர் 1இலிருந்து வரியும் அப்படித்தான், பழையவரின் வரி புதியவருக்கு வராது. ஆகவே காசைக் கொடுத்த அந்தக் கணத்திலிருந்து உங்கள் கையில் இருப்பது வரியும் இல்லாத, சோர்னும் இல்லாத கார். உடனே வரி கட்ட வேண்டும், அல்லது உங்கள் பெயரில் புதிதாகச் சோர்ன் போட வேண்டும். எம்.ஓ.டி இல்லாமல் வரி கட்ட முடியாது. லொக் புக் உங்கள் பெயரில் வருவதற்கு முன் சோர்ன் போடுவதென்றால் வி890 படிவத்தை நிரப்பி, லொக் புக்கிலிருந்து விற்பவர் கிழித்துத் தரும் பச்சைத் துண்டையும் சேர்த்துத் தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்பினாலும் காரை நிறுத்தத் தனியார் நிலம் வேண்டுமே. அடுக்குமாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிற பிள்ளைக்கு முற்றம் ஏது? கார் மலிவுதான், ஆனால் அதைச் சட்டப்படி ஓர் இரவு நிறுத்திவைக்க அவருக்கு இந்த நாட்டில் இடமில்லை. விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை.

விற்பவரின் முற்றத்திலிருந்து கார் வெளியே வர மூன்று வழிகள்தான் இருக்கின்றன.

முதலாவது, விற்பவரே எம்.ஓ.டி எடுத்துத் தருவது. எனக்கு மிகவும் பிடித்த வழி. காருக்கு எம்.ஓ.டி கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண், பல கராஜ்கள் அதைவிடக் குறைவாகவும் செய்கின்றன. "சுகமாகப் பாஸாகும்" என்று எழுதியவர் உண்மையில் அதை நம்பினால் இந்தச் செலவு அவருக்கு ஒன்றுமில்லை, காரின் விலை அதைவிட எவ்வளவோ ஏறும். கட்டணத்தை நானே தருகிறேன் என்று சொல்லியும் மறுக்கிறவரிடம் காரணத்தைக் கேட்டுக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். நான் ஹரோவில் ஒரு ஹொண்டா ஜாஸ் வாங்கியது இப்படித்தான். வயதான அம்மா ஒருவரின் கார், மகள் விற்றார். எம்.ஓ.டிக்குக் கொண்டுபோனார், பின் பிறேக்கும் துடைப்பான் ரப்பரும் என்று பெயில். கராஜ்காரர் சொன்ன தொகையில் பாதியை விலையில் குறைத்தோம், பாதியை நான் ஏற்றேன், அங்கேயே திருத்தி, பாஸ் எடுத்த பிறகுதான் காசு கைமாறியது. இரண்டு பக்கத்துக்கும் மனக்குறை இல்லை.

இரண்டாவது, ரெக்கவரி லொறியில் ஏற்றுவது. செலவு உண்டு, ஆனால் கார் வீதியைத் தொடாமல் போகிறது, மனம் நிம்மதி. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாமே என்று நண்பர்கள் யோசனை சொல்லுவார்கள். சில்லு வீதியில் உருண்டால் அது வீதியில் இருக்கிற வாகனம்தான், வரியும் எம்.ஓ.டியும் கேட்கப்படும். லொறியின் முதுகில் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, முன்கூட்டியே பதிவு செய்த எம்.ஓ.டிக்கு நேராக ஓட்டிக்கொண்டு போவது. சோர்ன் போட்ட, வரியில்லாத காரைப் பொது வீதியில் ஓட்டச் சட்டம் தருகிற விலக்கு இதுதான்: பதிவு செய்த சோதனைக்குப் போகலாம், வரலாம். வேறு எதற்காகவாவது ஓட்டினால் 2,500 பவுண் வரைக்கும் தண்டம். இலக்கத் தகட்டை வாசிக்கும் கமெராக்கள் வழியெல்லாம் இருக்கின்றன, வரியில்லாத கார் என்று அவை உடனே சொல்லிவிடும். பொலிஸ் மறித்தால் காட்டுவதற்குப் பதிவு செய்த குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போனில் இருக்க வேண்டும். எத்தனை மைலுக்குள் என்று சட்டம் எல்லை போடவில்லை. ஆனாலும் பக்கத்தில் பத்து நிலையம் இருக்க, பர்மிங்காமில் வாங்கிய காருக்கு லண்டனில் எம்.ஓ.டி பதிவு செய்துவிட்டு மோட்டர்வேயில் ஏறுவதை நான் ஒருநாளும் சொல்லிக்கொடுக்க மாட்டேன். பல வருடம் நின்ற காரின் பிறேக்கை நம்பி எழுபது மைல் வேகத்தில் போவது சட்டத்துக்கு முன் உயிருக்கே ஆபத்து. வழியில் கடைக்கு இறங்குவதும் கூடாது. சோதனைக்குப் போகிறேன் என்ற நியாயம் அந்த வாசலோடு நின்றுவிடும்.

இந்த விலக்கு வரிக்கும் எம்.ஓ.டிக்கும் மட்டும்தான். இன்சூரன்ஸுக்கு விலக்கே கிடையாது. ஒரு மைல் தூரமென்றாலும் ஓட்டுகிறவர் பெயரில், அந்த இலக்கத்துக்கு, அந்த நேரத்துக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இங்கே தவறினால் காசோடு போகாது. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண் தண்டமும் லைசென்ஸில் 6 புள்ளிகளும். இந்த நாட்டில் ஓட்டுநர் பரீட்சை பாஸ் பண்ணி இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் லைசென்ஸ் இரத்தாகும். திரும்பவும் புரொவிஷனல் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எடுக்க வேண்டும். ஐ.என்.10 என்ற அந்தக் குறிப்பு நாலு வருடம் லைசென்ஸில் நிற்கும், அதற்குப் பிறகு எந்தக் கொம்பனியிடம் போனாலும் இன்சூரன்ஸ் விலை ஏறித்தான் வரும். ஊரிலிருந்து வந்து, எத்தனையோ மணித்தியாலம் நின்று உழைத்த காசில் பாடம் எடுத்து, பாஸ் பண்ணி, முதல் காரை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே எல்லாம் போவதை நினைத்துப் பாருங்கள்.

"என்னுடைய பொலிசியில் மற்றவர் காரும் ஓட்டலாம்" என்று ஒரு நண்பர் உதவிக்கு வருவார். அந்த வசதி பெரும்பாலும் மற்றக் காருக்கு ஏற்கெனவே அதற்கென்று ஓர் இன்சூரன்ஸ் இருந்தால்தான் செல்லும். முற்றத்தில் நின்ற காருக்கு அது இருக்காது. உங்களிடமே அப்படியொரு பொலிசி இருந்தாலும், வாங்கிவிட்டால் அது உங்கள் கார், மற்றவர் கார் என்ற பேச்சும் இல்லை. ஒருநாள் இன்சூரன்ஸ் எடுப்பதென்றால் எம்.ஓ.டி இல்லாத காரைச் சோதனைக்குக் கொண்டுபோக அது செல்லுமா என்று எடுக்க முன் கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருநாள் முடிந்த பிறகு கார் சும்மா நின்றாலும் கணக்கு முடியாது: 2011இலிருந்து, சோர்ன் போடாத எந்தக் காருக்கும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இன்சூரன்ஸ் தொடர்ந்து இருக்க வேண்டும். ஊர் லைசென்ஸோடு முதல் 12 மாதம் ஓட்டுகிறவர்கள் விலை கேட்கும்போது எந்த நாட்டு லைசென்ஸ் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். மலிவாக்க மாற்றிச் சொன்னால் அந்தப் பொலிசி தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும்.

எந்த நிலையத்தில் எம்.ஓ.டி செய்வது என்பதில் என் எண்ணம் பொதுவாகச் சொல்லப்படுவதற்கு நேர் எதிர். கவுன்சில் நடத்தும் சோதனை நிலையங்களுக்குப் போங்கள், அவர்கள் திருத்த வேலை செய்வதில்லை, ஆகவே இல்லாத குறையைச் சொல்லிக் காசு பார்க்க மாட்டார்கள் என்பார்கள். ஓட்டத்தில் இருக்கிற, எம்.ஓ.டி இன்னும் மிச்சமிருக்கிற காருக்கு அது மிக நல்ல புத்தி. சோர்ன் காருக்கு அது சரிவராது. பெயிலானால் கார் அங்கே நிற்க முடியாது, வீதியில் நிறுத்தவும் முடியாது, திரும்ப லொறி பிடிக்க வேண்டி வரலாம். சோதனையும் திருத்தமும் ஒரே கூரைக்குள் நடக்கிற, காரை உள்ளே ஒரு கிழமை வைத்திருக்க இடமிருக்கிற ஒரு கராஜைத் தேடுங்கள். அங்கேயே விட்டுத் திருத்தி 10 வேலை நாளுக்குள் மறுசோதனை செய்தால் அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. தெரிந்த ஒரு நேர்மையான மெக்கானிக் இருந்தால் அவரிடம் முதலில் கதைத்துவிட்டு, கார் வரும் நாளை ஒழுங்கு செய்துவிட்டுத்தான் நான் விற்பவருக்கே போன் எடுப்பேன்.

காரை நேரில் பார்க்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள், மழையில்லாத நாளாகப் பாருங்கள். இஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லி, போனதும் பொனற்றில் கையை வைத்துப் பாருங்கள். பொது வீதியில் ஓட்டிப் பார்க்க முடியாது. ஆகவே முற்றத்திலேயே முன்னும் பின்னும் நகர்த்தி பார்க்கக்கூடியதை எல்லாம் பார்க்க வேண்டும். கிளச் பிடிக்கிறதா, ரிவேர்ஸ் விழுகிறதா, ஹான்ட் பிறேக்கை எடுத்ததும் பின் சில்லு விடுபடுகிறதா. சாவியைத் திருப்பியதும் ஏர்பாக், ஏ.பி.எஸ், இஞ்சின் விளக்குகள் எல்லாம் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியாத விளக்கு எரிகிற விளக்கைவிட மோசம். யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். கண்ணாடியின் கீழ் மூலையிலும் கதவோரத்திலும் இருக்கும் சேசிஸ் இலக்கம் லொக் புக்கில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். லொக் புக் வைத்திருப்பவர்தான் சொந்தக்காரர் என்று சட்டம் சொல்லவில்லை, பதிவுக்காரர் என்றுதான் சொல்கிறது. ஆகவே வாங்கிய பற்றுச்சீட்டையும் கேளுங்கள். லொக் புக்கே இல்லை என்றால், விலை எதுவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ஓடாமல் நிற்பது காருக்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது கெதி. பற்றரி வடிந்து செத்திருக்கும். அது சின்னச் செலவு. பிறேக் டிஸ்க்கில் துரு படிந்து, கலிப்பர் இறுகி, ஒரு சில்லு பிடித்தபடியே நிற்கும். பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ரயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும், பக்கச் சுவர் வெடிக்கும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் எத்தனையாவது கிழமை, பின் இரண்டும் எந்த வருடம். தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் எம்.ஓ.டி பாஸாகும், ஆனால் பத்துப் பன்னிரண்டு வருட ரயரில் நான் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன். டைமிங் பெல்ட் உள்ள இஞ்சின் என்றால் மைலைப் பார்க்காமல் வருடத்தைப் பாருங்கள். ஃபோர்டின் 1.0 லீற்றர் எக்கோபூஸ்ட் இஞ்சினின் முதல் தலைமுறையில் அந்த பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடும். எண்ணெய் மாற்றாமல் வருடக்கணக்கில் நின்றதை மலிவு என்று வாங்கினால் வாங்கிய விலைக்கு மேல் செலவு வரலாம்.

2021 செப்டெம்பரிலிருந்து இங்கே சாதாரண பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலக்கிறார்கள். அதுவும் ஈரம் பிடிக்கும், நாள்பட்டால் கெடும். தாங்கியில் கொஞ்சமாக இருந்தால் புதுப் பெற்றோல் ஊற்றலாம், நிறையப் பழையதாக இருந்தால் வெளியே எடுப்பதுதான் சரி. எலி வயரைக் கடித்திருக்கும், கெட்ட வாசம் வரும், ஈரக் கார்ப்பெட்டில் பூஞ்சணம் படரும். இவையெல்லாம் திருத்தக்கூடியவை. எனக்குப் பயம் அடிப்பக்கத் துருவுக்குத்தான். இந்த நாட்டுக் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். கழுவாமல் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த உப்பு கீழேயே இருந்து தின்னும். சீற் பெல்ட் பூட்டும் இடத்திலிருந்தும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலிருந்தும் 30 சென்ரிமீற்றருக்குள் கடுமையான துரு இருந்தால் பெயில். அதை வெட்டி ஒட்டித்தான் எடுக்க வேண்டும், எவ்வளவு வரும் என்று வெட்டும் வரைக்கும் யாராலும் சொல்ல முடியாது. முழங்காலில் இருந்து, போன் வெளிச்சத்தை அடித்து, சில் ஓரத்தையும் பிறேக் குழாய்களையும் பாருங்கள்.

நெடுநாள் நின்ற காருக்குத் திரும்ப அழைப்புக் கடிதம் வந்தும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். டகாடா ஏர்பாக் போன்ற பாரதூரமான குறைக்கு உற்பத்தியாளர் இலவசமாக மாற்றித் தருவார். இலக்கத்தைக் கொடுத்து அதையும் இணையத்தில் பார்க்கலாம்.

சோதனைக்கு முதல் நாள் பல்பு எல்லாம் எரிகிறதா, ஹோர்ன் அடிக்கிறதா, கண்ணாடி கழுவும் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் இல்லாததற்கும் பெயிலாகும். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று பிரிக்கிறார்கள். சிறியது பாஸ்தான். ஆபத்தானது என்று எழுதினால் அந்தக் காரைத் திருத்தும் வரை வீதிக்கு எடுக்கவே கூடாது, வரும் வழிக்கான விலக்கைக் காட்டித் தப்ப முடியாது.

பாஸானதும் கராஜ் வாசலில் நின்றபடியே வரி கட்டலாம். பச்சைத் துண்டில் இருக்கும் 12 இலக்க எண் போதும், இணையத்தில் சில நிமிட வேலை; தபால் நிலையத்திலும் செய்யலாம். வரி கட்டியதும் சோர்ன் தானாகவே நீங்கும். மாதத்தின் 28ஆம் திகதி கட்டினாலும் 1ஆம் திகதியிலிருந்துதான் கணக்கெடுப்பார்கள், ஆகவே முடிந்தால் எம்.ஓ.டியை மாதத் தொடக்கத்துக்கு வையுங்கள். 2001 மார்ச்சுக்கும் 2017 மார்ச்சுக்கும் இடையில் பதிவான கார்களுக்குப் புகையின் அளவைப் பொறுத்து வரி. 2025 ஏப்ரலில் வைத்த கட்டணப்படி கீழ்மட்டத்தில் வருடத்துக்கு 20 பவுண், மேல்மட்டத்தில் 700க்கும் மேல். காரை வாங்குமுன் இதைப் பார்க்காமல் விட்டால் மலிவு விலையின் ஒரு பங்கு முதல் வருட வரியிலேயே போய்விடும். ஒரு கவனம்: வரி கட்டும்போது இன்சூரன்ஸ் பத்திரம் கேட்க மாட்டார்கள். வரியை ஏற்றுக்கொண்டார்கள், ஆகவே எல்லாம் சரி என்று நினைத்து ஓட்டத் தொடங்காதீர்கள். நாள்கணக்கு இன்சூரன்ஸோடு வந்திருந்தால் கராஜை விட்டு வெளியேற முன் வருடப் பொலிசி தொடங்கியிருக்க வேண்டும். லண்டனுக்குள் தரத்துக்கு வராத கார் என்றால் எம்.ஓ.டிக்குப் போன அந்த நாளுக்கும் 12.50 உண்டு, மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்டாவிட்டால் 180 பவுண் தண்டம், 14 நாளுக்குள் கட்டினால் 90.

கைமாற்றத்தை இணையத்தில் உங்கள் கண் முன்னாலேயே செய்யும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் புதிய லொக் புக் சில நாளில் வீட்டுக்கு வரும், தபாலில் அனுப்பினால் நாலு கிழமை வரை எடுக்கும். நாலு கிழமை தாண்டியும் வராவிட்டால் சும்மா இருக்க வேண்டாம், டி.வி.எல்.ஏ-யோடு கதையுங்கள். ஆறு கிழமைக்குப் பிறகு கேட்டால் 25 பவுண் கட்ட வேண்டி வரலாம். பச்சைத் துண்டை அதுவரை எறிந்துவிடாதீர்கள். லொக் புக் வந்ததும் பெயரையும் முகவரியையும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். எங்கள் பெயர்களை அவர்கள் பிழையாக எழுதுவது வழமை, லைசென்ஸிலும் இன்சூரன்ஸிலும் லொக் புக்கிலும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் விபத்து நடக்கும் நாளில் கேள்வி கேட்பார்கள்.